கொழும்பில் தமிழ்ச் சபை தொடங்குவோருக்கு: காகிதம், செலவு, காலம்

கொழும்பில் ஒரு வீட்டு ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேரோடு ஆரம்பிக்கும் ஜெபக்கூட்டம் கொஞ்ச காலத்தில் அறுபது பேராகிவிடும். கீபோர்ட், கதிரைகள், வங்கிக் கணக்கு, மண்டபத்துக்குக் கொடுத்த முற்பணம் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். இவை எல்லாம் யார் பெயரில் இருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலான சபைகளில் வரும் பதில் "பாஸ்டர் பெயரில்தான்." அந்தப் போதகர் வெளிநாடு போனாலோ, காலமானாலோ, மூப்பர்களோடு பிணக்குப்பட்டாலோ, சபைக்குச் சட்டப்படி ஒரு கதிரைகூட மிஞ்சாது. ஜெபம் குறைந்ததால் கலைந்த சபைகளைவிட இப்படிக் கலைந்த சபைகளே இந்த நகரத்தில் அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

ஆகவே இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் "யார் பெயரில்?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். நாங்கள் ஒவ்வொரு அலுவலகமாக அலைந்து தெரிந்துகொண்டதை, நீங்கள் அலையாமல் இருப்பதற்காக எழுதுகிறோம்.

1. தனியாகவா, ஒரு திருச்சபையின் கீழா?

இதை முதல் ஆராதனைக்கு முன்பே தீர்மானியுங்கள். மெதடிஸ்த திருச்சபை, இலங்கைத் திருச்சபையின் கொழும்பு மறைமாவட்டம், அசெம்பிளீஸ் ஒஃப் கோட் போன்ற பழைய அமைப்புகளுக்குச் சட்ட உருவம் ஏற்கனவே இருக்கிறது. அவற்றில் ஒன்றின் கீழ் கிளைச் சபையாகச் சேர்ந்தால் பதிவு, காணி, போதகர் அங்கீகாரம் ஆகிய மூன்று தலைவலிகளும் பெருமளவு தீரும். பதிலுக்கு, போதகர் இடமாற்றம், காணிக்கையில் தலைமையகத்துக்குப் பங்கு, உபதேசக் கட்டுப்பாடு ஆகியவற்றை ஏற்கவேண்டும். அதில் உங்களுக்கு மனத்தடை இல்லையென்றால் இதுவே நல்ல வழி. தனிச் சபை வைப்பது கூடுதல் ஆவிக்குரியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொரு இடைவழியும் உண்டு. கொழும்பில் பல பழைய ஆலயங்களில் ஞாயிறு காலையில் சிங்கள, ஆங்கில ஆராதனை முடிந்தபின் பிற்பகல் முழுவதும் கட்டிடம் பூட்டியே கிடக்கிறது. அந்த ஆலயத்தின் போதகரோடும் சபைக் குழுவோடும் பேசி, பிற்பகல் 3 மணிக்கோ 4 மணிக்கோ தமிழ் ஆராதனைக்குக் கேளுங்கள். மின்சாரம், துப்புரவு, திறப்பு யாரிடம், டிசெம்பரில் அவர்கள் நிகழ்ச்சி வந்தால் நீங்கள் எங்கே போவது என்ற நான்கையும் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் வாங்கிய இடம் குழு மாறும்போது போய்விடும்.

2. யாப்பு முதலில், பதிவு பிறகு

தனியாகத்தான் நடத்துவது என்றால் முதல் ஆவணம் சபை யாப்பு. நான்கைந்து பக்கம் போதும். அதில் இவை இருக்க வேண்டும்: அங்கத்தவர் யார், குழு எத்தனை பேர், எத்தனை வருடத்துக்கு, போதகரை யார் நியமிப்பது, யார் நீக்குவது, போதகர் இல்லாமல் போனால் 30 நாட்களுக்குள் யார் பொறுப்பேற்பது, சபை கலைந்தால் சொத்து எங்கே போகும். கடைசி இரண்டையும் எழுத எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். அன்பு நிறைந்திருக்கும் காலத்திலேயே எழுதிவிடுங்கள். பிணக்கு வந்தபின் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

குழுவில் போதகரின் மனைவி, மகன், மைத்துனர் ஆகியோர் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள். பொருளாளர் போதகரின் குடும்பத்தாராக இருக்கவே கூடாது.

சட்ட உருவத்துக்கு நடைமுறையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தினால் வரையறுக்கப்பட்ட கம்பனி. பங்கு கிடையாது, இலாபம் பிரிக்க முடியாது. பணிப்பாளர் இருவராவது வேண்டும். தகுதி பெற்ற கம்பனிச் செயலாளர் ஒருவர் வேண்டும். பணிப்பாளர் சம்மதத்துக்குப் படிவம் 18, செயலாளர் சம்மதத்துக்குப் படிவம் 19. பெயரை முதலில் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேடி உறுதிசெய்யுங்கள். பதிவுக் கட்டணம் சிறியது. தொடர்ந்து கையைக் கடிப்பவை செயலாளர் கட்டணமும் வருடாந்தக் கணக்காய்வும்தான். தொடங்கும்போதே இவ்விரண்டையும் வருடச் செலவில் போடாத சபைகள் மூன்றாம் வருடத்தில் வருடாந்த அறிக்கை கொடுக்காமல் நிற்கின்றன. வங்கி முதலில் கேட்பதே அந்த அறிக்கையைத்தான்.

இரண்டாவது, நொத்தாரிசு முன் எழுதும் நம்பிக்கைப் பொறுப்பு (ட்ரஸ்ட்) உறுதி. இது 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. செலவு குறைவு, வருடாந்தப் படிவம் குறைவு. ஆனால் பொறுப்பாளர் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ புதியவரை நியமிக்கும் முறை உறுதியிலேயே இல்லையென்றால் நீதிமன்றம் போகவேண்டி வரும். காணி வாங்கும் எண்ணம் இருந்தால் கம்பனியையே பரிந்துரைப்போம்.

பாராளுமன்றத்தில் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்து கூட்டிணைப்பது மூன்றாவது வழி. புதிய சபைக்கு இது வேண்டாம். 2003இல் உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட கிறிஸ்தவச் சட்டமூலங்களை அரசியலமைப்போடு முரண்படுவதாகத் தீர்மானித்தது. நோக்கங்களின் பட்டியலில் சமயத்தைப் பரப்புவதும் பொருளுதவி செய்வதும் சேர்ந்து இருந்ததே அங்கே பிரச்சினையானது. அந்தப் பாடம் கம்பனி யாப்புக்கும் பொருந்தும். ஆராதனை, போதனை ஒரு பக்கம். நிவாரணம், கல்வி உதவி, தையல் பயிற்சி வேறொரு பக்கம். இரண்டையும் ஒரே வரியில் எழுதாதீர்கள். முடிந்தால் சமூக சேவைக்கு வேறு அமைப்பே வையுங்கள்.

தேவையான காகிதங்கள்: எல்லாப் பணிப்பாளர்களின் தேசிய அடையாள அட்டைப் பிரதி, முகவரிக்கு மின்சார அல்லது தண்ணீர் பட்டியல், யாப்பு, முதல் கூட்டக் குறிப்பு. அடையாள அட்டையில் உள்ள பெயரும் உங்கள் கையெழுத்துப் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் ஒரு முதலெழுத்தும் ஆங்கிலத்தில் வேறொன்றுமாக இருந்து கோப்பு திரும்பி வருவது சாதாரணம்.

3. காணிக்கைப் பணம்

வங்கிக் கணக்கு சபையின் பெயரில், இரண்டு கையெழுத்தில். கணக்குத் திறக்க யாப்பு, பதிவுச் சான்றிதழ், கணக்குத் திறக்கத் தீர்மானித்த கூட்டக் குறிப்பின் உறுதிப்படுத்திய பிரதி ஆகியன வேண்டும். பதிவு வரும்வரை ஒருவரின் சொந்தக் கணக்கில் போட்டுவைப்போம் என்று ஆரம்பித்தால், அந்தத் தற்காலிகம் வருடக் கணக்கில் நீளும். அதுவரை இருவர் பெயரில் கூட்டுக் கணக்காவது திறந்து, அது சபைப் பணம் என்று குழுக் குறிப்பில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஞாயிறு காணிக்கையை எண்ணும் முறை: ஆராதனை முடிந்த உடனே, உறவினர் அல்லாத இருவர், கதவு திறந்த அறையில். நோட்டு வகைவாரியாக எண்ணி, ஒரு சிறு தாளில் 5000 எத்தனை, 1000 எத்தனை, 500 எத்தனை என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு, பணத்தைப் பையில் போட்டு ஒட்ட வேண்டும். திங்கட்கிழமை வங்கியில் முழுத் தொகையும் வைப்பில் இட வேண்டும். வழியில் சவுண்ட்காரனுக்கும் பூக்காரருக்கும் அதிலிருந்தே கொடுத்துவிட்டு மிச்சத்தைப் போடுவதுதான் எல்லாச் சந்தேகத்துக்கும் ஆரம்பம். சில்லறைச் செலவுக்கு வங்கியிலிருந்து தனியாக எடுத்த பணம், தனிப் புத்தகம். எண்ணிய தாளும் வைப்புச் சீட்டும் ஒன்றோடொன்று பின்பண்ணிக் கோப்பில் இருக்கட்டும். தொகை இரண்டிலும் ஒன்றாக இருந்தால் கணக்காய்வு அரை நாளில் முடியும்.

வெளிநாட்டில் இருக்கும் விசுவாசி அனுப்பும் பணம் போதகரின் கணக்குக்கு வரக்கூடாது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின்படி வங்கி பணத்தின் மூலத்தைக் கேட்கும். அனுப்பியவரின் கடிதம் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

போதகருக்கு மாதச் சம்பளம், சம்பளச் சீட்டோடு. காணிக்கை வரும் அளவுக்கு எடுத்துக்கொள்வது என்ற ஏற்பாடு போதகருக்கும் நல்லதல்ல. அவருடைய பிள்ளைக்கு விசாவுக்கோ வீட்டுக் கடனுக்கோ வருமானம் காட்ட முடியாமல் போகும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், சபை 12 வீதம்; ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குச் சபை 3 வீதம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சமய, தர்ம நிறுவனங்களுக்குச் சேமலாப நிதியில் விலக்கு உண்டு. ஆனாலும் விலக்கைப் பிடித்துக்கொண்டு போதகரை வெறுங்கையோடு அறுபது வயதுக்கு அனுப்ப வேண்டாம். சட்டம் கேட்காவிட்டாலும் ஏதாவது ஓய்வூதியத் திட்டத்தில் சபை மாதாமாதம் போடட்டும்.

மாத வருமானத்தில் வாடகை மூன்றில் ஒன்றைத் தாண்டினால் அந்த இடம் உங்களுக்குப் பெரிது. மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் சவுண்ட் சிஸ்டம் வாங்காதீர்கள்.

4. இடம் பிடிப்பது

ஒருவருக்கு 10 சதுர அடி என்று கணக்கிடுங்கள். மேடை, நடைபாதை எல்லாம் அதற்குள் அடங்கும். 60 பேருக்கு 600 சதுர அடி. பிள்ளைகள் வகுப்புக்கு வேறு அறை வேண்டும். கதிரைகளில் ஐந்தில் நான்கு நிரம்பிவிட்டால் புதிதாக வருபவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு அடுத்த வாரம் வரமாட்டார். அப்போதே அடுத்த ஏற்பாட்டை யோசியுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை பக்கம் தொடர்மாடி வீடு கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். தொடர்மாடிக்கு வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கும். குடியிருப்பு அலகை வேறு தேவைக்குப் பயன்படுத்துவதை அதன் விதிகள் பெரும்பாலும் தடுக்கும். ஒரே ஒரு வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தால் போதும். வீட்டுக்காரரின் சம்மதம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

தனி வீட்டின் மேல்மாடி என்றாலும் கவனம். வீட்டு மாடித் தளம் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ பாரத்துக்குத்தான் கணக்கிடப்படுகிறது. ஆட்கள் நெருங்கிக் கூடும் மண்டபத்துக்கு 400 கிலோவுக்கு மேல் வேண்டும். நாற்பது வாலிபர்கள் ஒரே தாளத்தில் குதித்துத் துதிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தூணையும் பீமையும் காட்டுங்கள். கதவு இரண்டாவது வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு வாசலில் பையைச் சோதிக்க ஆள் நிறுத்தும் சபைகள், அதே வாசலையே ஒரே வழியாக வைத்துப் பின்கதவைப் பூட்டிவிடுகின்றன. பின்கதவு வெளியே திறக்கும்படி, ஆராதனை நேரம் முழுவதும் பூட்டில்லாமல், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

குத்தகை ஒப்பந்தம் நொத்தாரிசு மூலம்தான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசால் அத்தாட்சிப்படுத்தப்படாவிட்டால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி செல்லாது. முத்திரை ஒட்டி இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட தாளை நம்பி ஒரு வருட முற்பணம் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முத்திரைத் தீர்வை 2025 ஏப்ரல் முதல் குத்தகைத் தொகையில் 1000 ரூபாவுக்கு 20 ரூபா. மாதம் ஒரு லட்சம் வீதம் இரண்டு வருடம் என்றால் மொத்தம் 24 லட்சம், தீர்வை 48,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம் அதற்கு மேல். முற்பணம் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கேட்பார்கள்.

ஒப்பந்தத்தில் "கிறிஸ்தவ ஆராதனைக்காக" என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். "அலுவலகத் தேவைக்கு" என்று எழுதிக் கொடுக்கும் வீட்டுக்காரர் முதல் முறைப்பாட்டிலேயே உங்களை வெளியேற்றுவார். நீங்கள் ஒப்பந்தத்தை மீறியவர் ஆவீர்கள். குத்தகைக்காரர் பெயர்? சபையின் பெயர்.

5. அயலவரும் அதிகாரிகளும்

கதிரை இறக்குவதற்கு முன்னமே பக்கத்து நான்கு வீட்டுக்கும் போங்கள். போதகரும் ஒரு பெரியவரும், முடிந்தால் சிங்களம் நன்றாகப் பேசும் ஒரு சகோதரியும். எத்தனை மணிக்கு, எத்தனை பேர், வாகனம் எங்கே நிற்கும், தொல்லை என்றால் யாரை அழைப்பது என்று சொல்லித் தொலைபேசி இலக்கம் கொடுங்கள். அந்த இலக்கத்தை ஆராதனை நேரத்தில் எடுப்பவர் மேடையில் இருப்பவராக இருக்கக்கூடாது.

அடுத்து கிராம உத்தியோகத்தர், பிறகு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி. இருவருக்கும் ஒரு பக்கக் கடிதம், சிங்களத்திலும் தமிழிலும். இது அனுமதி கேட்கும் கடிதமல்ல, தெரிவிக்கும் கடிதம். அந்த வேறுபாடு முக்கியம். பிரதியில் திகதியோடு முத்திரை வாங்கி வையுங்கள்.

கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தோடும் தொடர்பு வையுங்கள். சபைக் கூட்டமைப்பு ஒன்றில் அங்கத்துவம் இருந்தால் அதன் கடிதத்தோடு போவது எளிது. புதிய வணக்கத்தலம் கட்ட அமைச்சின் முன் அனுமதி வேண்டும் என்று 2008 ஒக்டோபரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அது கட்டிடம் கட்டுவது பற்றியது. அதைக் காட்டி வீட்டு ஜெபக்கூட்டத்தையே நிறுத்தச் சொல்லும் அதிகாரிகள் இருக்கிறார்கள். என்ன செய்வது என்பதைக் கடைசிப் படியில் சொல்லியிருக்கிறோம்.

போயா தினங்களில், முக்கியமாக வெசாக் வாரத்தில், வெளிச்சத்தம் முழுவதும் நிறுத்துங்கள். விடுமுறை என்பதால் உபவாச ஜெபம் போயாவுக்கு வைப்பது வழக்கம். வையுங்கள், மைக் இல்லாமல்.

6. சத்தம்

கொழும்பில் சபைகளுக்கு எதிராக வரும் முறைப்பாடுகளில் நேர்மையானவை பெரும்பாலும் சத்தம் பற்றியவை. மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50 என்பது 1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதி. ஆஸ்பத்திரி, பாடசாலை போன்ற அமைதி வலயங்களில் இன்னும் குறைவு. வெளியில் ஒலிபெருக்கி வைக்கப் பொலிஸ் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை அந்த அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் பணித்தது. முழு இரவு ஜெபம் என்றால் 10 மணிக்கு மின்குமிழ் தவிர மற்றதைக் கழற்றிவிடுங்கள்.

தொலைபேசியில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, ஆராதனை நடக்கும்போது அயலவர் மதிலடியில் நின்று பாருங்கள். சுவரில் ஸ்பொஞ்சும் முட்டைத் தட்டும் ஒட்டுவது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும்; வெளியே போகும் சத்தத்தைத் தடுக்காது. தடுப்பது பாரமும் இடைவெளியை மூடுவதும். ஜன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள விரற்கடை இடைவெளியை ரப்பர் பட்டியால் அடைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். அடுத்த வீட்டை அதிரவைப்பது பேஸ். சப்வூஃபரை எடுத்துவிடுங்கள், ட்ரம்ஸுக்குப் பதில் மின்ட்ரம்ஸ், ஸ்பீக்கரைப் பொதுச் சுவரில் பொருத்தாமல் தனி ஸ்டாண்டில், அடியில் ரப்பர் விரிப்போடு வையுங்கள். ஜன்னலை மூடினால் ஏசி வேண்டும். மின்சாரப் பட்டியல் ஏறும். அதையும் முதலே கணக்கில் போடுங்கள்.

7. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம்

கடலில் கொடுப்பதென்றால் டிசெம்பர் முதல் மார்ச் வரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் வெள்ளவத்தைக் கரையும் கல்கிசையும் நம்பத்தக்கவை அல்ல. விடியற்காலை, இடுப்பளவு நீர், நீச்சல் தெரிந்த இருவர் கடல் பக்கம் நிற்க வேண்டும். தொட்டி என்றால் 6 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி ஆழம் நிரப்ப ஏறக்குறைய 2000 லீட்டர் வேண்டும், அதாவது இரண்டு தொன். அதை மேல்மாடியில் வைத்தால் சதுர மீட்டருக்கு 900 கிலோ. மேலே சொன்ன தளக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிலத்தளத்தில் மட்டும் வையுங்கள்.

ஞானஸ்நானப் படங்களை முகநூலில் போடாதீர்கள். குடும்பத்தாருக்கு இன்னும் சொல்லாதவர் அந்தப் படத்தில் இருக்கலாம். அவருடைய வீட்டில் எழும் புயலைத் தாங்கப்போவது அவர்தான்.

திருமணம் நடத்தப் பதிவு செய்யப்பட்ட வணக்கத்தலமாக உங்கள் கட்டிடம் இல்லாவிட்டால் நீங்கள் நடத்துவது ஆசீர்வாத ஆராதனை மட்டுமே. விவாகப் பதிவாளரிடம் பதிவு தனியாக நடக்க வேண்டும். அறிவித்தல் கொடுத்தபின் காத்திருக்கும் நாட்கள் உண்டு. குறைந்தது ஒரு மாதம் முன் பதிவாளரைச் சந்திக்கும்படி ஜோடியிடம் சொல்லுங்கள். இருவருக்கும் 18 வயது நிறைந்த பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல் திகதி கொடுக்க வேண்டாம்.

மரணம் வீட்டில் நடந்தால் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையோடு ஐந்து நாட்களுக்குள் பதிய வேண்டும். பொரளை கனத்தையில் இடம் கேட்கக் குடும்பத்தார் போகும்போது சபையிலிருந்து ஒருவர் கூடவே போகட்டும். எந்தக் காகிதம் எந்த யன்னலில் என்று துக்கத்தில் இருப்பவர்கள் தேடி நிற்கக்கூடாது.

8. புதியவர்களும் பிள்ளைகளும்

கொழும்பில் உங்கள் சபையாருக்கு மூன்று வகை வாழ்க்கை. சொந்த வீட்டுக் குடும்பங்கள்; மலையகத்திலிருந்து வந்து கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்து போர்டிங்கில் இருக்கும் இளைஞர்; விசாவுக்குக் காத்திருப்பவர்கள். இரண்டாம் வகையினருக்கு ஞாயிறு வேலை நாள். அவர்களுக்கு வார நாளில் இரவு 8 மணிக் குழு இல்லையென்றால் அவர்கள் உங்கள் சபையில் இல்லை. தீபாவளிக்கும் ஏப்ரலுக்கும் அவர்கள் ஹட்டன், நுவரெலியா போய்விடுவார்கள். அந்த வாரத்து எண்ணிக்கையைப் பார்த்து மனம் சோர வேண்டாம். மூன்றாம் வகையினரில் நல்ல தலைவர்கள் இருப்பார்கள், திடீரென்று போவார்கள். ஆகவே ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவர், திறப்பும் கடவுச்சொல்லும் இருவரிடமும்.

புதியவருக்கு இரண்டு நாட்களுக்குள் ஒரு அழைப்பு. பெண்களுக்குப் பெண்களே அழைக்க வேண்டும். வீட்டுக்கு வரலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வீட்டுக் குழு 12 பேரைத் தாண்டியதும் இரண்டாகப் பிரியுங்கள். பிரிக்கும் நாளுக்கு மூன்று மாதம் முன்பே இரண்டாவது தலைவர் நடத்திப் பழகியிருக்க வேண்டும். அரிசி, பால்மா உதவியை ஆராதனைக்கு வந்தவருக்கு ஆராதனை முடிவில் கொடுக்காதீர்கள். வராத அயலவருக்கும் சேர்த்து, வேறொரு நாளில் கொடுங்கள். உதவியைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அதைவிடச் சிறந்த பதில் இல்லை. வந்தவரின் பழைய வழிபாட்டை மேடையிலிருந்து இகழ்வதும் வேண்டாம். அது அன்பும் அல்ல, சட்டத்திலும் வில்லங்கம்.

ஆங்கில மூலமோ சிங்கள மூலமோ படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. திரையில் பாடலைத் தமிழில் போட்டு, கீழே அதே உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் போடுங்கள். வேதபாடத்தைத் தமிழில் சொல்லி மனப்பாட வசனத்தை இரு மொழியிலும் கொடுங்கள். உயர்தர மாணவர்களை ஞாயிறு காலை டியூஷன் வகுப்புகள் எடுத்துக்கொள்ளும். அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. ஞாயிறு மாலை வாலிபர் கூட்டம் வைத்தால் வருவார்கள்.

பிள்ளைகளோடு எப்போதும் பெரியவர்கள் இருவர், கதவில் கண்ணாடி, கழிப்பறைக்குத் தனியாக எந்த ஆசிரியரும் கூட்டிப்போகக்கூடாது. துஷ்பிரயோகச் சந்தேகம் வந்தால் குழுக் கூட்டம் கூட்டி ஜெபித்துத் தீர்க்கும் விஷயமல்ல அது. சிறுவர் பாதுகாப்புக்கான 1929 இலக்கத்துக்கு அன்றே அழையுங்கள்.

9. வெளிநாட்டு ஊழியர் வந்தால்

சுற்றுலா விசாவில் வந்தவரை மேடையில் ஏற்றி நோட்டீஸ் அடிக்காதீர்கள். அவர் திருப்பி அனுப்பப்படுவார், உங்கள் பெயர் குறிப்பில் ஏறும். சமயப் பணிக்கான விசாவுக்கு கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தின் பரிந்துரையை முன்கூட்டியே தேடுங்கள். மூன்று மாதம் முன்பே ஆரம்பிப்பது நல்லது.

10. காணி வாங்குதல்

அவசரப்படாதீர்கள். நொத்தாரிசு 30 வருட உரித்தைக் காணிப் பதிவகத்தில் தேடி எழுத்தில் தர வேண்டும். அதற்கு முன் ஒரு ரூபாவும் முற்பணம் வேண்டாம். வீதிக்கோட்டுச் சான்றிதழும் உரித்துச் சான்றிதழும் மாநகர சபையில் எடுங்கள். வீதி அகலிப்புக்கு இரண்டு பேர்ச் போய்விட்டால், 8 பேர்ச் காணியில் மண்டபம் எழும்பாது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. வாகனத் தரிப்பிடம், பின்வெளி எல்லாம் விட்டபின் என்ன மிஞ்சும் என்று படவரைஞரிடம் கீறிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். கட்டிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது தேவை "வணக்கத்தலம்" என்றே எழுதுங்கள். வீடு என்று அனுமதி எடுத்து மண்டபம் கட்டினால், அனுமதித்தபடியே கட்டியதாகத் தரும் இசைவுச் சான்றிதழ் கிடைக்காது.

கைமாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபாக் காணிக்கு 3,99,000 ரூபா. மதிப்பீடு உறுதியில் எழுதிய விலையைவிடக் கூடினால் வித்தியாசத்துக்கும் தீர்வை கட்ட வேண்டும். உறுதி சபையின் பெயரில் எழுதப்பட வேண்டும். ஒருவர் தன் பெயரில் வாங்கிப் பிறகு நன்கொடையாக எழுதித் தருகிறேன் என்றால், இரண்டாம் தடவையும் தீர்வை உண்டு. இடையில் அவர் இறந்தால் காணி அவருடைய வாரிசுகளுக்கே போகும்.

11. நிறுத்தச் சொன்னால்

வந்தவர் அதிகாரியா, ஆட்களா என்று முதலில் பாருங்கள். ஆட்கள் கூட்டமாக வந்தால் வாக்குவாதம் வேண்டாம். வாசலில் ஒருவர் மட்டும் பேசட்டும். இன்னொருவர் 119ஐ அழைக்கட்டும். பிள்ளைகளைப் பின்கதவால் அனுப்புங்கள். பிறகு பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தை எழுதி வாங்குங்கள். சமாதானக் கூட்டத்துக்கு அழைத்து "இனி ஆராதனை நடத்தமாட்டேன்" என்று கையெழுத்துக் கேட்டால், சட்டத்தரணியைக் கேட்டு வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள்.

அதிகாரி என்றால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேட்டு, எழுத்தில் தரும்படி சொல்லுங்கள். சுற்றறிக்கை என்றால் பிரதி கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மத நம்பிக்கைச் சுதந்திரம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையிலும், தனியாகவோ மற்றவரோடு கூடியோ வழிபடும் உரிமை 14(1)(உ) உறுப்புரையிலும் இருக்கிறது.

இந்த இடத்தில் காலம்தான் எல்லாம். அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம் மட்டுமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் துரித இலக்கம் 1996. நடந்த நாளும் நேரமும், வந்தவரின் பெயரும் பதவியும், சொன்ன சொற்களும், கூட இருந்த இருவரின் கையெழுத்தும் கொண்ட ஒரு பக்கக் குறிப்பை அன்று இரவே எழுதி வையுங்கள். யாப்பு, பதிவுச் சான்றிதழ், குத்தகை ஒப்பந்தம், முத்திரை வாங்கிய கடிதப் பிரதிகள் ஆகியவற்றை அந்தக் குறிப்போடு சேர்த்து, மறுநாளே சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள்.